மின்னொழுக்கு என்று ஒரு சொல்: லயத்துக்குக் கரண்ட் வந்த கதை

மலையகச் செய்திகளை வாசிக்கிற எல்லோருக்கும் ஒரு வரி மனப்பாடம். தோட்டத்தின் பெயர் மாறும், எரிந்த காம்பராக்களின் எண்ணிக்கை மாறும், திகதி மாறும். மின்னொழுக்கு காரணமாகத் தீ ஏற்பட்டிருக்கலாம் என்ற கடைசி வரி மட்டும் மாறாது. பிறகு தோட்டப் பாடசாலை மண்டபத்தில் பாய் விரிப்பார்கள், அரிசிப் பொதி வரும், ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். அடுத்த தோட்டத்தில் அடுத்த தீ.

கூரை ஒழுகுவது எங்களுக்குத் தெரியும், லயத்தில் பிறந்தவர்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மின்சாரம் எப்படி ஒழுகும்? எங்கிருந்து எங்கே ஒழுகியது? சாதாரண தர விஞ்ஞானப் புத்தகத்தில் இருக்கும் இரண்டு சமன்பாடுகள் போதும், இந்தச் சொல்லை நிறுத்திவைத்து விசாரிக்க. ஆனால் விசாரணை அந்தக் காம்பராவோடு முடியாது. லக்சபான வரைக்கும் போகும், 1948 வரைக்கும் போகும். அதனால்தான் இதை விஞ்ஞானக் குறிப்பாக இல்லாமல் வரலாறாக எழுதுகிறோம்.

முதலில் அந்தச் சமன்பாடு வந்த கதை. 1820களில் கண்டிச் சீமையில் காட்டை வெட்டிக் கோப்பி போட ஆரம்பித்த காலம். தமிழ்நாட்டிலிருந்து முதல் ஆட்களை நடத்திக் கூட்டிவந்த காலம். அதே வருடங்களில் ஜேர்மனியின் கொலோன் நகரத்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார், பூட்டுச் செய்கிறவரின் மகன், பள்ளிக்கூடத்து ஆய்வுகூடத்தில் கம்பிகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெயர் ஜோர்ஜ் சைமன் ஓம். அன்றைய பற்றரிகள் நிலையாக நிற்காது. ஆரம்பத்தில் ஒரு அளவு, கொஞ்ச நேரத்தில் வேறொரு அளவு. அதை வைத்து எதையும் அளக்க முடியாது. அவர் அதை விட்டுவிட்டு பிஸ்மத்தும் செம்பும் சேர்ந்த ஒரு இணைப்பை எடுத்தார். ஒரு முனை கொதிநீரில், மறுமுனை பனிக்கட்டியில். சூடு மாறாத வரைக்கும் அது தரும் மின்சாரமும் மாறாது. பிறகு ஒரே தடிப்பில் வெவ்வேறு நீளமுள்ள செம்புக் கம்பிகளை ஒவ்வொன்றாகப் போட்டு, மேலே தொங்கும் காந்த ஊசி எவ்வளவு திரும்புகிறது என்று எழுதிக்கொண்டே போனார்.

கம்பி நீள நீள ஓட்டம் குறைந்தது. ஆனால் நீளம் இரட்டித்தால் ஓட்டம் சரிபாதியாகவில்லை. ஏனென்றால் கம்பியைத் தவிர, வழியில் ஏற்கெனவே வேறு தடையும் இருக்கிறது. ஓம் அந்த முந்திய தடையையும் ஒரு எண்ணாக எழுதிக் கம்பியின் நீளத்தோடு கூட்டினார். உடனே கணக்கு பொருந்தியது. இந்த முந்திய தடையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், லயத்துக்கு வரும்போது அதுதான் முக்கியம். 1827இல் நூலாக வெளியிட்டார். சொந்த நாட்டில் பெரிதாக மதிக்கவில்லை, கொலோன் வேலையையும் விட்டார். லண்டன் ரோயல் சொசைட்டி 1841இல் கொப்ளி பதக்கம் கொடுத்த பிறகுதான் ஊர் திரும்பிப் பார்த்தது. 1881இல் பாரிஸ் மாநாட்டில் தடையின் அலகுக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

அழுத்த வித்தியாசத்தை ஓட்டத்தால் வகுத்தால் தடை. அழுத்த வித்தியாசத்தை ஓட்டத்தால் பெருக்கினால் வலு. இவ்வளவுதான். (தமிழ்நாட்டுப் புத்தகத்தில் வலுவைத் 'திறன்' என்பார்கள். எங்களுக்கு 'வலு' பிடித்திருக்கிறது. ஆனால் நாங்கள் பேச்சில் மின்சாரம் முழுவதையும் 'கரண்ட்' என்றே சொல்லிவிடுகிறோம். கரண்ட் இருக்கு, கரண்ட் குறைவு, கரண்ட் அடிச்சிட்டு, கரண்ட் பில். இதில் எது வோல்ட், எது அம்பியர் என்பது கலந்துபோகிறது. பரீட்சையில் பிள்ளைகள் தடுமாறுவதில் பாதி இதனால்தான்.)

ஒரு 40 வாட் குண்டு பல்பை எடுத்துக்கொள்வோம். 230 வோல்ட்டில் எரியும்போது அது இழுப்பது 0.17 அம்பியர். தடை 1,300 ஓமுக்குக் கொஞ்சம் மேலே. அதே பல்பைக் கழற்றி மல்டிமீட்டரில் வைத்தால் நூறு ஓம் கிட்டத்தான் காட்டும். மீட்டர் பழுதில்லை. டங்ஸ்டன் இழை வெண்சூடாகும்போது தடை அத்தனை மடங்கு ஏறுகிறது. சூடும் தடையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டுதான் போகும். இதுவும் பிறகு தேவைப்படும்.

நகரத்துப் பிள்ளைகளுக்கு மின்சாரத்தைத் தண்ணீர் உவமையில் படிப்பிப்பார்கள். மலையகத்தில் அது உவமையில்லை, பீலிக்குப் போனால் கண்ணால் பார்க்கலாம். ஊற்று உயரத்தில் இருந்தால் வேகம். குழாய் மெல்லியதாக, நீளமாக இருந்தால் கடைசியில் வருவது நூல் மாதிரி. உயரத்தையும் வருகிற தண்ணீரின் அளவையும் பெருக்கினால் வலு. தோட்டத்துரைமார் இந்தப் பெருக்கலை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். கோப்பி நோயில் அழிந்து தேயிலை பரவியபோது, உருட்டும் இயந்திரத்தைச் சுற்ற ஏதாவது ஒரு வலு வேண்டியிருந்தது. விறகும் நிலக்கரியும் செலவு. பக்கத்திலேயே ஆறு விழுகிறது. முதலில் தண்ணீர்ச் சக்கரம் வைத்தார்கள், பிறகு இங்கிலாந்தின் கெண்டல் நகரத்து கில்க்ஸ் கம்பனி போன்றவர்கள் செய்த டர்பைன்களை இறக்கினார்கள். மலையில் ஒரு சின்ன அணை, அங்கிருந்து இரும்புக் குழாய், கீழே ஸ்டோரில் டர்பைன்.

கணக்கு வேண்டுமென்றால் பாருங்க. செக்கனுக்கு 50 லீற்றர் தண்ணீர், 60 மீற்றர் உயரத்திலிருந்து விழுகிறது என்று வைப்போம். முழுதாகக் கிடைத்தால் 29 கிலோவாட். உராய்விலும் இயந்திரத்திலும் போனது போக அறுபது சதவீதம் கைக்கு வந்தாலும் 17 கிலோவாட்டுக்கு மேல். உருட்டும் இயந்திரங்களுக்குப் பட்டி மாட்டி ஓட்டியது போக, ஒரு டைனமோவையும் சேர்த்துவிட்டால் ஸ்டோருக்கு வெளிச்சம், பெரிய துரையின் பங்களாவுக்கு வெளிச்சம். அந்த 17 கிலோவாட்டில் ஒரே ஒரு கிலோவாட்டை எடுத்திருந்தால் இருபத்தைந்து காம்பராவில் ஆளுக்கொரு 40 வாட் பல்பு எரிந்திருக்கும். இரவில் உருட்டாத நேரத்தில் தண்ணீர் சும்மா ஓடியது. லயத்தில் குப்பி லாம்பு எரிந்தது.

பணம் இல்லை என்பதல்ல காரணம். லயம் கட்டிய நோக்கத்திலேயே வெளிச்சம் இல்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி, அடுப்பு உள்ளேயே, பல இடத்தில் ஜன்னல்கூட இல்லை. விடியப் பிரட்டுக்குப் போகிற ஆள் ராத்திரி படுக்க ஒரு இடம், அவ்வளவுதான். படுக்கிறவனுக்கு எதற்கு லைட்டு?

இந்த மலைகளின் தண்ணீரைத் தேசத்துக்கான மின்சாரமாகப் பார்த்தவர் டி. ஜே. விமலசுரேந்திர. காலியில் 1874இல் பிறந்த பொறியியலாளர். நுவரெலியா நகரத்துக்காக பிளக்பூலில் ஒரு சின்ன நீர்மின் நிலையத்தை 1912இல் அமைத்தார். 1918இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தில் நீர்வலுவின் பொருளாதாரம் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் விழுகிற உயரத்தை வைத்துப் போட்ட கணக்கு அது. காலனித்துவ அரசாங்கத்துக்கு அவசரமில்லை. 1920களில் தொடங்கிய வேலை பாதியில் நின்றது, 1930களின் கடைசியில் மறுபடி தொடங்கி யுத்தத்தைத் தாண்டி இழுத்தது. 1950இல் லக்சபான முதல் கட்டம் சுழன்றபோது அதன் வலு 25 மெகாவாட். அவர் 1953இல் இறந்தார். பார்த்துவிட்டுத்தான் போனார்.

மின்சாரத்தை மலையில் எடுத்துவிடலாம், அதைக் கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டுமே. இங்கே மான்செஸ்டர் பக்கத்து பியர் வடிப்பாளர் வீட்டுப் பிள்ளை ஜேம்ஸ் ஜூல் வருகிறார். ஒரு கம்பியில் சூடாக வீணாவது ஓட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கிய அளவு என்று 1840 வாக்கில் அளந்து காட்டியவர். ஓட்டம் இரண்டு மடங்கானால் நட்டம் நான்கு மடங்கு. வர்க்கம் என்ற அந்த ஒரு சொல்லில்தான் நாட்டின் மின்கம்பி முழுவதும் தொங்குகிறது.

மூன்று கட்டக் கணக்கை விட்டு, இரண்டு கம்பி என்று எளிதாக்கிப் போடுகிறோம். 25 மெகாவாட்டை 230 வோல்ட்டில் அனுப்பினால் ஓட்டம் ஒரு லட்சத்து எட்டாயிரம் அம்பியருக்கும் மேல். அப்படி ஒரு கம்பி உலகத்தில் இல்லை. அதே வலுவை 66,000 வோல்ட்டில் அனுப்பினால் 379 அம்பியர். ஓட்டம் 287 மடங்கு குறைகிறது, அதே கம்பியில் நட்டம் சுமார் 82,000 மடங்கு குறைகிறது. அதனால்தான் கோபுரம், அதனால்தான் பீங்கான் தட்டுகள், அதனால்தான் கொழுந்து மலைக்கு மேலே வரிசையாகப் போகும் அந்தத் தடித்த கம்பிகள்.

இதில் இன்னொரு விளைவும் இருக்கிறது. உயர் அழுத்தக் கம்பியிலிருந்து கீழே உள்ள வீட்டுக்கு நேராக எடுக்க முடியாது. நடுவே உபநிலையம் வேண்டும், மின்மாற்றி வேண்டும், அதற்கு ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். கம்பி தலைக்கு மேலே போவதும் காம்பராவில் பல்பு எரிவதும் ஒன்றல்ல. கம்பி போகும் பாதையைத் தீர்மானிப்பது ஓமின் விதி. மின்மாற்றியை எந்த ஊரில் இறக்குவது என்பதைத் தீர்மானிப்பது வேறு விதி.

அந்த வேறு விதியின் திகதிகள் இவை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் லட்சக்கணக்கானவர்களை நாடற்றவர்களாக்கியது. அதைத் தொடர்ந்து வாக்குரிமையும் போனது. 1950இல் லக்சபான. 1952 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸால் ஒருவரைக்கூடப் பாராளுமன்றத்துக்கு அனுப்ப முடியவில்லை. ஆக, மின்சாரம் பிறந்த மலையில் இருந்தவர்களுக்கு அது பிறந்த நேரத்தில் கேட்கிறதுக்கு ஆளில்லை. கிராமத்துக்குக் கரண்ட் எப்படி வரும் என்று எல்லோருக்கும் தெரியும். எம்பி வருவார், தேங்காய் உடைப்பார், சுவிட்சைப் போடுவார். வாக்கில்லாத லயத்துக்கு யார் தேங்காய் உடைப்பது?

அதற்குப் பிறகு அணைகள் வரிசையாக வந்தன. 1965இல் காசல்ரீ நீர்த்தேக்கமும் 50 மெகாவாட் விமலசுரேந்திர நிலையமும். 1969இல் மவுசாக்கலை, பொல்பிட்டிய. மவுசாக்கலைக்காகப் பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்குள் போனது, வரட்சியில் தண்ணீர் இறங்கினால் இன்றும் பழைய கோயில் வெளியே தெரியும். இலங்கை மின்சார சபை அமைந்ததும் 1969இல்தான். பிறகு புதிய லக்சபான, கென்யோன். 2012இல் தலவாக்கலையில் மேல் கொத்மலை, 150 மெகாவாட். தேசியக் கம்பி வந்ததும் தோட்டத்து ஸ்டோர்கள் அதற்கு மாறின, பழைய டர்பைன்கள் துருப்பிடித்தன. 1990களின் நடுவிலிருந்து தனியார் சிறு நீர்மின் நிலையங்கள் அதே ஓடைகளில் மறுபடி வந்து மின்சார சபைக்கு யூனிட் கணக்கில் விற்கின்றன. இந்தக் கதை தனியாக எழுத வேண்டியது.

லயத்துக்கு? பல தோட்டங்களில் 1980களிலும் 90களிலும் பிள்ளைகள் குப்பி லாம்பில்தான் படித்தார்கள். இணைப்பு வந்த விதமும் கிராமத்துக்கு வந்த மாதிரியில்லை. நிலம் அரசாங்கத்தினுடையது, நிர்வாகம் கம்பனியினுடையது, குடியிருப்பவர் கையில் உறுதிப்பத்திரம் கிடையாது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டமோ, தோட்டத்துக்குள் சபை தன் பணத்தைச் செலவழிக்க இடம் வைக்கவில்லை. அந்தப் பிரிவைத் திருத்த 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே வெளிச்சம் துண்டுதுண்டாக வந்தது. நலன்புரித் திட்டமொன்றில் கொஞ்சம், தேர்தல் நேரத்தில் கொஞ்சம், ஒரு வீட்டில் மீட்டர் இருந்தால் அதிலிருந்து பக்கத்துக் காம்பராவுக்கு ஒரு வயர், அங்கிருந்து அடுத்ததுக்கு.

இப்போது அந்த வயரைப் பிடித்துக்கொண்டு நடப்போம். பன்னிரண்டு காம்பரா, ஒவ்வொன்றும் பத்தடி. தொங்கலிலிருந்து தொங்கலுக்கு 120 அடி, கிட்டத்தட்ட 36 மீற்றர். போகவும் வரவும் சேர்த்தால் 73 மீற்றர். போட்டிருப்பது பல்புக்குப் போடுகிற 1/1.13 வயர், அதாவது ஒரு சதுர மில்லிமீற்றர் செம்பு. அதன் தடை சுமார் 1.25 ஓம். பல்பு மட்டும் எரிந்த காலத்தில் இது ஒரு பொருட்டேயில்லை. 0.17 அம்பியருக்குக் கால் வோல்ட்கூடக் குறையாது. அந்த வயரை அன்று போட்டவரைக் குறை சொல்ல மாட்டோம்.

பிறகு கேத்தல் வந்தது. 1,500 வாட் கேத்தலின் தடை 35 ஓம் சொச்சம். கடைசிக் காம்பராவில் அதைப் போட்டால் 6.3 அம்பியர் ஓடும். வயரில் வீணாவது 50 வாட், அது 73 மீற்றருக்கும் பரவிவிடுவதால் தொட்டால்கூடச் சூடு தெரியாது. கேத்தலுக்குக் கிடைப்பது 222 வோல்ட். பரவாயில்லை.

ஆனால் அந்த வயர் ஒரே வயரில்லை. ஒவ்வொரு காம்பராவிலும் வெட்டி, முறுக்கி, டேப் சுற்றியிருக்கிறது. லயத்துக் கூரைக்குக் கீழே அடுப்புப் புகையும் மலை ஈரமும் சேர்ந்து சில வருடத்தில் அந்த ஜொயின்ட்டைப் பச்சை பிடிக்க வைக்கும். நல்ல ஜொயின்ட்டுக்குத் தடை இல்லாத மாதிரிதான். கெட்ட ஜொயின்ட் ஒன்றுக்கு அரை ஓம் என்று வையுங்கள். ஓம் கூட்டிக்கொண்ட முந்திய தடை இதுதான். அரை ஓம்தானே! கேத்தல் ஓடும்போது அந்த விரல்நுனியளவு இடத்தில் 19 வாட். ரேடியோ திருத்துகிறவர் ஈயத்தை உருக்குகிற சோல்டரிங் அயன் 25 வாட்.

காலையில் பிரட்டுக்கு முன்னால் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில்தான் தேத்தண்ணி. அந்தப் பக்கத்தில் இரண்டாவது கேத்தலும் ஏறினால் ஓட்டம் ஏறக்குறைய 12 அம்பியர். ஜொயின்ட்டில் சூடு 19இலிருந்து 70 வாட்டுக்குத் தாவுகிறது. ஜூலின் வர்க்கம் வேலை செய்கிற இடம் இது. சூடு ஏற ஏறச் செம்பு இன்னும் கருகும், தடை இன்னும் கூடும், அதனால் சூடு இன்னும் கூடும். மேலே நூறு வருடம் புகை குடித்துக் காய்ந்த மரம், விறகு, தகரத்துக்குக் கீழே சாக்கு.

இவ்வளவு நடக்கும்போதும் ட்ரிப் சுவிட்ச் விழாது. அது பார்ப்பது ஒன்றே ஒன்று: போன ஓட்டமும் திரும்பி வந்த ஓட்டமும் சமமா? நிலத்துக்கு ஏதும் ஒழுகினால்தான் அது துள்ளும். இங்கே எதுவும் ஒழுகவில்லை. 12 அம்பியர் போனது, 12 அம்பியர் வந்தது. 30 அம்பியர் இணைப்பின் பிரதான சுவிட்சுக்கும் 12 ஒரு கணக்கில்லை. பாதுகாப்புச் சாதனங்களின் பார்வையில் எல்லாம் சரியாகவே இருக்கிறது, தீப்பிடிக்கும் நிமிடம் வரை.

லயத்துத் தீ எல்லாமே இப்படித்தான் என்று சொல்ல வரவில்லை. அடுப்பிலிருந்து பிடித்ததும் உண்டு, குப்பி லாம்பு விழுந்ததும் உண்டு, உண்மையான மின்னொழுக்கும் உண்டு. ஆனால் இந்த வகைத் தீக்கு மின்னொழுக்கு என்று பெயர் வைப்பது பிழை. அது வெறும் சொற்பிழையுமல்ல. ஒழுக்கு என்றால் தற்செயல், யாருடைய பொறுப்புமில்லை, மழை மாதிரி. மெல்லிய வயர், நீண்ட லயம், பன்னிரண்டு காம்பராவுக்கு ஒரு மீட்டர் என்று எழுதினால் உடனே கேள்வி வரும். யார் போட்டது? யார் பார்த்துச் சரியென்றது? தனி இணைப்புக்கு எழுதிய கடிதம் எந்த மேசையில் கிடக்கிறது?

எங்களோடு இருக்கும் நண்பர் ஒருவர் வயரிங் வேலை செய்கிறார். சுவரை உடைக்காமலே லயத்தின் தடையைக் கண்டுபிடிக்க அவர் சொன்ன வழி, ஓம் கம்பியை மாற்றிமாற்றிப் போட்ட அதே வேலைதான். கடைசிக் காம்பராவில், மீட்டர் பிடிக்கத் தெரிந்த ஒருவர், எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வோல்ட் பார்க்க வேண்டும். பிறகு அந்த 1,500 வாட் கேத்தலைப் போட்டுவிட்டுப் பார்க்க வேண்டும். முதலில் 231, பிறகு 214 என்று காட்டியது என்று வைப்போம். 214ஐ 35.3ஆல் வகுத்தால் ஓட்டம் 6.06 அம்பியர். குறைந்தது 17 வோல்ட். பதினேழை 6.06ஆல் வகுத்தால் 2.8 ஓம். வயருக்கு உரியது 1.25. மிச்சம் 1.55 ஓம் வயரில் இல்லை. அதே அளவை மீட்டர் இருக்கும் காம்பராவிலும் எடுத்துப் பார்த்தால், வெளிக்கம்பியில் போவது எவ்வளவு என்று கழித்துவிடலாம். அங்கே வோல்ட் அசையவில்லை என்றால், 57 வாட் அந்த லயத்துக் கூரைக்குக் கீழே ஏதோ ஜொயின்ட்டுகளில் உட்கார்ந்திருக்கிறது.

லயத்துக்கு இரண்டு காம்பராவில் இந்த அளவு, ஒரு கொப்பி, ஒரு பேனை. தோட்டத்தின் பெயர், லயத்து இலக்கம், திகதி, இரண்டு வோல்ட், ஒரு ஓம் என்று எழுதி, தோட்ட நிர்வாகத்துக்கு ஒரு பிரதி, மின்சார சபைப் பிரதேச அலுவலகத்துக்கு ஒரு பிரதி கொடுத்துக் கையெழுத்து வாங்கி வைக்கலாம். தீ விபத்துக்குப் பிறகு வரும் அறிக்கைகளில் இன்றுவரை நாங்கள் ஓம் என்ற அலகைப் பார்த்ததில்லை.